சமநிலைக் குழுவின் கள ஆய்வு

மலையடிவாரத்துக் கம்பிவேலியில் ஒரு பலகை தொங்கியது. ‘இது பொதுநிலம். பொதுமக்கள் உள்ளே நுழையக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது. இதில் ஏதாவது முரண் இருக்கிறது என்று, எழுதிய வனத்துறைக்குத் தோன்றியதே இல்லை. முன்பு அந்த நிலம் மலைக்காரர்களிடம் இருந்தது. மொத்தம் முப்பத்தெட்டு வீடு. ஒருநாள் அது பொதுமக்கள் அனைவருக்கும் சொந்தம் என்று அரசாங்கம் அறிவித்தது. முப்பத்தெட்டு வீட்டையும் பிரித்து, லாரியில் ஏற்றி, ஊர்க்கோடியில் மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கூரை போட்டு இறக்கிவிட்டது. அப்புறம், பொதுமக்கள் உள்ளே போனால் நிலம் கெட்டுவிடும் என்று கண்டுபிடித்து, புதிய சொந்தக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. இப்போது உள்ளே போக உரிமை உள்ளது துறைக்கு மட்டும்தான். துறை உள்ளே போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்த வேலிக்குள் இரண்டு முயல் பிடித்தார் என்றுதான், தகரக் கூரை வரிசையில் குடியிருந்த தையல்காரியின் அண்ணனைக் கொண்டுபோனார்கள்.

அண்ணன் மில்லில் அறுப்பு வேலை பார்க்கிறவர். பெரிய வாள் உடைந்துபோய், புதியது வரும்வரை மூன்று வாரமாக மில்லை மூடியிருந்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலை வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்து, சைக்கிள் பிரேக் கம்பியில் கண்ணி வைத்து, இரண்டு முயலோடு திரும்பும்போது வனக்காவலர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டார். அவர் ஓடவில்லை. ஓடியிருந்தால் விட்டிருப்பேன், நின்றுவிட்டாரே, நான் என்ன செய்வது என்று அந்தக் காவலர் பிறகு தையல்காரியிடம் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தையல்காரி அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். ஊருக்குள் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. எட்டாவதுவரை படித்திருந்ததால், வரிசையில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் வரும். அண்ணி அழுதுகொண்டு வந்து நின்றதும் அவள் பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வன அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகத்து அதிகாரி நல்ல மனிதர். சட்டப் புத்தகத்தைத் தானே திறந்து அவளுக்குக் காட்டினார். மலைக்காரர்கள் தங்கள் உணவுக்காக மரபான முறையில் சிறு விலங்குகளைப் பிடிக்கலாம் என்று அச்சிலேயே இருந்தது.

“மலைக்காரருன்னா ஒரு பிரச்சனையும் இல்லம்மா. மலைக்காரர்னு ஒரு சான்றிதழ் குடுங்க, இப்பவே கையோட அனுப்பிடறேன்.”

எங்களை மலையிலிருந்து இறக்கினது உங்க துறைதானே, உங்களுக்கே தெரியுமே என்று அவள் கேட்டாள். தெரியும் என்று அவர் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த லாரியில் காவலுக்கு ஏறி வந்ததே நான்தான் என்றும் சொன்னார். ஆனால் தெரிவது வேறு, பதிவில் இருப்பது வேறு.

சான்றிதழுக்கு முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் பதினோரு வருடத்துக்கு முன்பே மனுக் கொடுத்திருந்தார்கள். அது இன்னும் பரிசீலனையில் இருந்தது. மலைக்காரர் என்று சான்றளிக்க வேண்டுமானால் மனுதாரர் மலையில் வசிக்க வேண்டும். மலையில் வசிப்பது குற்றம். இந்த இரண்டு விதியையும் இரண்டு மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு பீரோ இருந்தது.

முயல்கள் சாட்சிப் பொருள் என்பதால் அவற்றை அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். மறுநாள் அவள் அண்ணனுக்கு மாற்றுத்துணி கொண்டுபோனபோது கட்டடம் முழுக்க மிளகும் வெங்காயமும் வதங்கிய வாசனை. சாட்சிப் பொருள் கெடும் நிலையில் இருந்ததால் முறைப்படி அப்புறப்படுத்தப்பட்டது என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. அப்புறப்படுத்தியவர்கள் என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்தின்மேல் எண்ணெய்க் கறை.

அண்ணனைக் கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு எப்போது வரும் என்று கேட்டதற்கு, குழு அறிக்கை கொடுத்த பிறகு என்று பதில் வந்தது. எந்தக் குழு என்று அவள் கேட்டாள்.

பொதுநில வேட்டை உரிமைச் சமநிலைக் குழு. அது பிறந்த கதை சுருக்கமானது. ஊரில் ஒரு வேட்டைச் சங்கம் இருந்தது. அதன் செயற்பொறுப்பு ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. எல்லோரும் சமம் என்று சொல்லும் நாட்டில் மலைக்காரன் மட்டும் முயல் பிடிக்கலாம், மற்றவன் பிடிக்கக் கூடாது என்றால் இது பாகுபாடு இல்லையா என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதினார். தகரக் கூரையில் குடியிருப்பது, மில்லில் விரல் போவது போன்ற மற்ற விஷயங்களில் மலைக்காரர்களுக்கு இருந்த தனிச் சலுகைகளை அவர் பெருந்தன்மையாகக் குறிப்பிடவில்லை. அரசாங்கம் கலங்கிப்போய்க் குழு போட்டது. குழு முடிவு சொல்லும்வரை அந்தச் சட்டப் பிரிவின்கீழ் யாரையும் தண்டிக்கவும் கூடாது, விடவும் கூடாது என்று உத்தரவு.

குழுத் தலைவர் அதற்கு முன் ஏழு குழுக்களுக்குத் தலைவராக இருந்தவர். தெருநாய்க் குழு, பாலக் குழு, பள்ளிக் கூரைக் குழு என்று எல்லாவற்றிலும் இருந்தார். எதுவும் அறிக்கை கொடுத்ததில்லை. பாலம் மட்டும் குழு உட்கார்ந்திருக்கும்போதே விழுந்துவிட்டதால் அந்தக் குழுவை நிம்மதியாகக் கலைத்தார்கள்.

குழு அலுவலகம், சான்றிதழ் அலுவலகம் இருந்த அதே மூன்றாவது மாடியில் இருந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் படிவம் நிரப்ப வேண்டும். தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் வைத்து நிரப்பினாள். ஒன்பதாவது கேள்வி, ‘உங்கள் மரபு தொடங்கிய நாள், மாதம், வருடம்’ என்று கேட்டது. அவள் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தாள். வாசலில் இருந்த பியூன் எட்டிப் பார்த்து, எல்லோரும் ஜனவரி ஒன்று என்றுதான் போடுகிறார்கள், வருடத்தை மட்டும் கொஞ்சம் பழையதாகப் போடுங்கள் என்றார். அவள் அப்படியே போட்டாள். பத்தாவது கேள்வி, அந்த மரபைத் தொடங்கிய அதிகாரியின் ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா என்று கேட்டது.

விசாரணை அன்று நீளமான மேசையின் ஒரு பக்கம் தலைவரும், செயலாளரும், ஒரு பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் மலைக்காரர்களைப் பற்றி பத்தொன்பது அத்தியாயத்தில் ஒரு புத்தகம் எழுதியவர். அதற்காகத் தகரக் கூரை வரிசைக்கு வந்து, வெயில் ஏறும் முன்பே திரும்பிவிட்ட ஒரு காலைப்பொழுது அவர் வாழ்க்கையில் இருந்தது. எதிர்ப்பக்கம் பல் டாக்டருக்கு ஒரு நாற்காலி. தையல்காரிக்கு நாற்காலி இருந்தது, ஆனால் அதன்மேல் பைல்கள் உட்கார்ந்திருந்தன. அவள் நின்றாள்.

தலைவர் முதலில் தன் நடுநிலையை விளக்கினார்.

“நான் ரெண்டு பக்கத்தையும் சமமா பாக்கிறவன். மலைக்காரங்க பக்கம் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. சங்கத்துப் பக்கம் எனக்கு நண்பர்கள் இருக்காங்க. ரெண்டையும் ஒரே தராசுல வச்சுப் பாக்கணும். அதுதான் சமநிலை.”

செயலாளர் இதை எழுதிக்கொண்டு அடியில் கோடு போட்டார்.

அடுத்துப் பல் டாக்டர் பேசினார். அவர் குரல் கரகரப்பாக, உருக்கமாக இருந்தது.

“இவங்க பசிக்காக வேட்டையாடுறாங்க. பசிக்கு அடிக்கிறவனுக்கு விலங்கு மேல என்ன பிரியம் இருக்க முடியும், சொல்லுங்க. நாங்க கறியத் தொடக்கூட மாட்டோம். தலைய மட்டும் எடுத்துக்குவோம். எங்க வீட்டு ஹால்ல பதினாலு மான் இருக்கு, தினமும் தொடச்சு வைக்கிறோம். இவங்க வீட்டுல ஒரு விலங்காவது இருக்கான்னு கேளுங்க.”

தலைவர் நியாயமான கேள்வி என்று தலையசைத்து, அதை அவளிடம் கேட்டார். ஒரு ஆடு இருந்தது, மில் மூடினதும் விற்றுவிட்டோம் என்றாள் அவள். விலங்கு இல்லை என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

பேராசிரியருக்குக் கண்ணிதான் கவலை. மலைக்காரர்களின் மரபான கண்ணி கொடியில் முறுக்கியது என்று தன் புத்தகத்தின் ஆறாவது அத்தியாயத்தில் இருப்பதாகவும், பிரேக் கம்பி எந்த அத்தியாயத்திலும் இல்லை என்றும் சொன்னார். அந்தக் கொடி வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது, அதை அறுத்தால் தனி வழக்கு என்றாள் அவள். செயலாளர் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். முயலைவிடக் கொடிக்கு இரண்டு மடங்கு தண்டனை. மூவரும் கொஞ்ச நேரம் தலைகளைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். பிறகு, தானாக அறுந்து, தானாக வேலிக்கு வெளியே வந்து விழுந்த கொடியில் முறுக்கிய கண்ணி மரபுக்கும் சட்டத்துக்கும் உட்பட்டது என்று தலைவர் தீர்ப்பு மாதிரி சொன்னார். அவருக்கே அது பிடித்திருந்தது.

“நீங்க மிஷின்ல தைக்கிறீங்கன்னு படிவத்துல இருக்கு,” என்றார் பேராசிரியர். “அப்ப உங்ககிட்ட மலைக்காரத்தன்மை எத்தனை சதவிகிதம் மிச்சம் இருக்குன்னு நீங்களே நெனைக்கிறீங்க?”

அவளுக்கு இத்தனை நேரம் நின்றதில் கால் மரத்திருந்தது. டாக்டர் ஐயா அவர் தாத்தா காலத்து இடுக்கியை வைத்துத்தான் பல் பிடுங்குகிறாரா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. சதவிகிதம் எப்படிப் போடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கேள்வி விசாரணைக்குத் தொடர்பற்றது என்று பதிவாயிற்று.

கடைசியாக அண்ணனின் வாக்குமூலத்தைப் படித்தார்கள். கண்ணியில் மூன்று முயல் விழுந்தது, ஒன்று சினையாக இருந்தது, அதை அவிழ்த்து விட்டுவிட்டேன், சினையை எடுப்பதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஆக மூன்றாவது முயல் விஷயத்தில் குற்றவாளி சாட்சிப் பொருளை மறைத்திருக்கிறார் என்று செயலாளர் சுட்டிக்காட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஷயம் தான் நினைத்ததைவிட ஆழமானது என்றும், வேட்டை என்றால் என்னவென்றே தெரியாமல் வேட்டை உரிமையைப் பற்றி முடிவெடுப்பது அறிவுக்கு அழகல்ல என்றும், ஆகவே குழு நேரில் போய் ஒரு கள ஆய்வு செய்யும் என்றும் அறிவித்தார். பல் டாக்டர் தன் துப்பாக்கிகளைத் தருவதாக உடனே முன்வந்தார்.

அன்று மாலை அண்ணி வாசலிலேயே காத்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். வேட்டைக்குப் போகிறார்களாம் என்றாள் தையல்காரி. யார் என்று கேட்டாள் அண்ணி. அவர்கள்தான் என்றாள். அண்ணி உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள்.

கள ஆய்வில் ஒரே ஒரு தடங்கல். வேலிக்குள் எது எங்கே இருக்கிறது என்று துறையில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் வரைபடத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சையாக அடித்து, நடுவில் ‘தடை’ என்று எழுதியிருந்தது. தெரிந்தவர் ஒருவர்தான் கைவசம் இருந்தார், அவர் கிளைச்சிறையில் இருந்தார். கள உதவியாளர் என்று பதிவேட்டில் எழுதி, கைவிலங்கோடு அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.

பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். மலைக்காரர்களோடு நேரடியாகப் பேசினால் பிழையாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து உண்டு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவர் களத்துக்குப் போவதில்லை என்றார். அண்ணன் பேசுவதும் இதே மொழிதானே என்று யாரும் கேட்கவில்லை. தையல்காரியை மொழிபெயர்ப்பாளராக நியமித்து ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

காலை ஏழு மணிக்கு இரண்டு ஜீப்பும் ஒரு வேனும் வேலியைத் தாண்டி உள்ளே போயின. வேனில் மடக்கு நாற்காலிகள், ஒரு கூடாரம், தேநீர்ப் பாத்திரம். வாரக்கணக்கில் அண்ணனைப் பார்க்காமல் இருந்தவளுக்கு அவர் முகம் மெலிந்து தாடி வளர்ந்திருந்தது கண்ணில் பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று அவர் கேட்டார். போகிறார்கள் என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. அதற்குள் குற்றவாளி என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டார்.

ஜீப்பை அணைச்சிடச் சொல்லு, சத்தத்துக்கு எதுவும் நிக்காது என்றார் அண்ணன். ஜீப்பை அணைத்துவிடச் சொல்கிறார், சத்தத்துக்கு எதுவும் நிற்காது என்கிறார் என்றாள் அவள். தலைவர் ஆச்சரியத்தோடு தலையாட்டினார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இப்படி ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லி இரண்டு மணி நேரம் நடந்தார்கள். தலைவர் மூன்று இடத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். துப்பாக்கி பிடித்துப் பழக வேண்டும் என்று சுட்டதில் முதல் குண்டு தேநீர்ப் பாத்திரத்தைத் துளைத்தது. ஆய்வின் பொருட்டு என்று செயலாளர் எழுதினார்.

ஒரு திருப்பத்தில், புல் திடலின் ஓரத்தில், கிளைக் கொம்போடு ஒரு மான் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அண்ணன் மட்டும் தலையைச் சாய்த்து ஒரு நொடி பார்த்தார்.

“அது மான் இல்ல.”

“அது மான் இல்லையாம்,” என்றாள் தங்கை.

பேராசிரியர் தணிந்த குரலில் தலைவருக்கு விளக்கினார். கொல்வதற்கு முன் விலங்கை விலங்கில்லை என்று மறுப்பது இவர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கும் பணிவு. பதினோராவது அத்தியாயத்தில் இருக்கிறது. தலைவர் நெகிழ்ந்துபோய்ச் சுட்டார். மான் அசையவில்லை. இன்னும் ஆறு முறை சுட்டார். பல் டாக்டர் பொறுக்க முடியாமல் இரண்டு முறை சுட்டார். மானின் தலை மெதுவாகப் பின்பக்கமாகத் திரும்பி, கழன்று, புல்லில் விழுந்தது. அதற்குள் தலைவர் ஓடிப்போய் அதன் முதுகில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார். உள்ளே காலி டப்பா மாதிரி சத்தம் கேட்டது.

அது துறையின் பொம்மை மான். திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்க, உள்ளூர் அலுவலகத்துக்குத் தெரியாமல் தலைமை அலுவலகம் ஆள் அனுப்பி வைத்தது. புதரிலிருந்து இரண்டு காவலர்கள் கைவிலங்கோடு பாய்ந்து வந்தார்கள். பதினெட்டு நாளாக அங்கேயே படுத்துக் கிடந்தவர்கள். தலைவரைப் பார்த்ததும் விலங்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சல்யூட் அடித்தார்கள்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. மானின் கண்ணில் கேமரா இருந்தது. உள்ளூரில் யாரும் அமுக்கிவிடக் கூடாது என்று, சுட்டவன் படம் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தானாகவே துறையின் இணையப் பக்கத்தில் ‘இன்றைய குற்றவாளி’ என்ற தலைப்பில் ஏறும். இந்த ஏற்பாட்டைப் போன வருடம் திறந்துவைத்து, இனிமேல் எப்பேர்ப்பட்டவனும் தப்ப முடியாது என்று பேசியவர் தலைவர்தான். நாற்பத்து மூன்று படங்கள் ஏறியிருந்தன. காலைத் தூக்கி வைத்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூடாரத்துக்குள் ஆலோசனை நடந்தது. பொம்மையைச் சுடுவதும் வேட்டைதான் என்று சட்டத்தில் இருந்தது. ஏழு வருடம்வரை உள்ளே வைக்கலாம். கள ஆய்வு என்று எழுதலாமா என்றால், தடைநிலத்துக்குள் ஆய்வாளர் துப்பாக்கி எடுத்துப் போனால் தண்டனை இன்னும் கூடுதல் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. செயலாளர் முதலிலிருந்து ஒருமுறை படித்தார். கடைசியில் அவர் விரல் ஒரு வரியில் நின்றது. மலைக்காரர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

தலைவர் மலைக்காரராக இருந்தால் போதும்.

பேராசிரியர் முதலில் தயங்கினார். பிறகு, மரபு என்பது தேங்கிய குட்டையல்ல, ஓடும் நீர் என்றும், மலைக்காரர் வாழ்வில் துப்பாக்கியின் இடம் இதுவரை போதிய அளவு ஆராயப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். சான்றிதழ் அலுவலகத்தை, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், போன் போட்டுத் திறக்கச் சொன்னார்கள். அங்கிருந்து ஒரே ஒரு சந்தேகம் வந்தது. மலைக்காரர் என்று ஒருவருக்குச் சான்றளிக்க, ஏற்கெனவே சான்று பெற்ற இரண்டு மலைக்காரர்கள், இவர் எங்கள் உறவு என்று கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடத்தில் சான்று பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். ஒருவரும் இல்லை.

செயலாளர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். அண்ணனும் தங்கையும் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். முதன்முறையாக அவர் அவளை ‘நீங்க’ என்று கூப்பிட்டு, அவளுக்காக ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னார். முதலில் உங்கள் இருவருக்கும் சான்றிதழ், இப்போதே; பதிவேட்டில் முதல் இருவருக்கு உறவுக் கையெழுத்து தேவையில்லையாம். அடுத்து, தலைவர் உங்கள் பெரியப்பா மகன், டாக்டர் சித்தப்பா மகன் என்று ஒரு கையெழுத்து. அண்ணன் மேல் வழக்கு தானாக விழுந்துவிடும்.

பதினோரு வருடமாக அவள் அந்த மூன்றாவது மாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காகிதம் குறைந்தது. உண்மையில் குறைந்தது இப்படி ஒரு அவசரம்தான் என்று இப்போது தெரிந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தன் கைவிலங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல இத அவிழ்க்கச் சொல்லு,” என்றார். அவள் மொழிபெயர்ப்பதற்குள் செயலாளர் தானே அவிழ்த்துவிட்டார்.

“எங்க சொந்தம்னு எழுதணும்னா எங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒத்துக்கணுங்க,” என்றாள் தையல்காரி. “இன்னும் முப்பத்தாறு வீடு இருக்கு. அவங்களும் மலைக்காரங்கன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் யார யார வேணும்னாலும் பெரியப்பா மகன்னு போடுறோம்.”

செயலாளர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். தலைவருக்கு ஆட்சேபணை இல்லை. உறவினர் பட்டியல் என்று படிவத்தோடு ஒரு இணைப்பு உண்டு, அதில் எழுதிக் கொடுங்கள் என்றார். அந்த இணைப்பில் பன்னிரண்டு வரிதான் இருந்தது. ஒரு வரிக்கு ஒரு குடும்பம். இன்னொரு தாள் கேட்டாள். கூடுதல் தாள் வைக்க விதியில் இடமில்லை. அடுத்த இணைப்பு அச்சாகி வர வேண்டுமானால் அதற்கு ஒரு குழு ஒப்புதல் தர வேண்டும். அவள் ஒரே வரியில் இரண்டு பெயரை நுணுக்கி எழுதிப் பார்த்தாள். செயலாளர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியது கொடுத்தார்.

பன்னிரண்டு பெயரையும் எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரை எழுதினாள், எதற்காக எழுதினாள், யார் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது என்று அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெயரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

அன்று மாலைக்குள் அண்ணன் ஒன்றாம் எண் மலைக்காரர், தங்கை இரண்டாம் எண். தலைவர் மூன்று, டாக்டர் நான்கு. அவர்கள் இருவரின் அவசரம் கருதி, அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் எண் ஐந்திலிருந்துதான் தொடங்கிற்று. ‘இன்றைய குற்றவாளி’ பக்கத்தில் நாற்பத்து மூன்று படங்களும் அப்படியே இருந்தன, தலைப்பை மட்டும் ‘வாழும் மரபு’ என்று மாற்றியிருந்தார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததை அண்ணி கொண்டாட முடியவில்லை. வரிசையில் இருபத்து நாலு வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டுக்காரி மூன்று நாள் தையல்காரியிடம் பேசவில்லை. நாலாம் நாள் வந்து, எங்க மனு எந்த மேசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். தையல்காரி அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி மூன்றாவது மாடி ஏறினாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மலையில் வசிக்கிறாரா என்று கேட்டார்கள். இன்னொரு தலைவர் இன்னொரு பொம்மையைச் சுடும்வரை இது நகராது என்று அவளுக்குப் புரிந்தது. இருந்தும் ரசீது வாங்கிக்கொண்டாள்.

வேட்டைச் சங்கத்துக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. தலைவர் தங்களுக்கு மாமா, சகலை, சம்பந்தி என்று ஆளாளுக்கு எழுதிக்கொடுத்து, ஒன்றரை மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களும் மலைக்காரர்கள் ஆனார்கள். எட்டாவது முறையாகத் தலைவரான அவர் வாழ்க்கையில் முதன்முறையாக அறிக்கை கொடுத்தார். ஒரே பக்கம்தான். பொதுநிலத்தில் மலைக்காரர்களுக்கும் மலைக்காரரல்லாதவர்களுக்கும் இடையிலான வேட்டை உரிமைப் பூசல் முழுமையாகத் தீர்ந்தது, வேட்டையாட விரும்பும் மலைக்காரரல்லாதவர் எவரும் இப்போது இல்லை என்று அதில் இருந்தது. அரசாங்கம் அவருக்கு நன்றி தெரிவித்தது.

அண்ணனுடைய சான்றிதழை ரத்து செய்யலாம் என்று யாரோ ஒரு கீழ் அதிகாரி பைல் எழுதியதாகக் கேள்வி. ஒன்றாம் எண்ணை ரத்து செய்தால் மூன்றாம் எண் நிற்காது என்று செயலாளர் ஓரத்தில் குறிப்பு எழுதி மூடிவிட்டார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் பிரேக் கம்பியோடு வேலிக்குப் போனார். இந்த முறை அடியில் குனியவில்லை, வாசல் வழியாகப் போனார். நாற்காலியில் அவரைப் பிடித்த அதே காவலர்தான் உட்கார்ந்திருந்தார். சட்டென்று எழுந்து சல்யூட் அடித்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து சான்றிதழை எடுக்கப் போனார். அதெல்லாம் எதற்கு, உங்களைத் தெரியாதா என்று காவலர் கையைப் பிடித்துத் தடுத்தார். தயக்கத்தோடு, தன் மாற்றல் விஷயமாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று இழுத்தார்.

“உங்க பெரியப்பா மகன் எப்படி இருக்காருங்க?”

அண்ணன் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“எங்க குடும்பத்துல மத்தவங்க எல்லாம் நல்லாதான் இருக்கோம். அவரு ஒருத்தருதான், மான் எது, டப்பா எதுன்னு தெரியாமலே வளந்துட்டாரு.”

காவலர் அனுதாபத்தோடு தலையாட்டி, கதவைத் திறந்துவிட்டார்.